வெளிச்சம் வந்த பக்கம்

முதலில் கேட்டது சத்தம்தான். கீ… என்று மெல்லிசாக, கொசு ஒன்று காதுக்குள் புகுந்த மாதிரி ஓர் இழுப்பு. அடித்து முடித்த லைட் மறுபடி சார்ஜ் ஏறுகிற சத்தம். அது மேலே மேலே ஏறிப்போய் 'பீப்' என்று நின்றது. நான்கு பிளாஷ் லைட்டும் ஒரே நேரத்தில், ஒரே குரலில் நின்றன. சேதுமாணிக்கத்துக்குக் கண்ணில் ஒன்றும் தெரியவில்லை. நாலு பக்கமும் அடித்த வெளிச்சத்தில் பச்சையும் ஊதாவுமாகப் பொட்டுகள் மிதந்துகொண்டிருந்தன.

முன்னறையில் பாஸ்போர்ட் போட்டோ வெட்டுகிற கட்டரின் 'க்றக், க்றக்' நின்றது.

"நாலையும் ஒரே அளவுல வச்சிருக்கீங்க" என்று வள்ளிமயிலின் குரல் வந்தது.

"நீ பாக்கவே இல்லையே மாஸ்டர்."

"பாக்கணுமாக்கும். நாலும் ஒண்ணாக் கத்துச்சே. அளவு கூட வச்ச லைட்டு மூச்சு வாங்கி வர நேரமாகும். குறைச்சு வச்சது சட்டுனு வந்துரும். ஒண்ணாக் கத்துனா ஒண்ணா வச்சிருக்கீங்கன்னுதான?"

பொட்டுகள் கரைந்தன. எதிரே ஸ்டூல் தெரிந்தது. ஸ்டூல்மேல் ஒரு தேங்காய், மூன்று கண்ணாலும் அவனைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எடுத்தாச்சுன்னா கொண்டாங்க."

கொண்டுபோய்க் கொடுத்தான். கேமராவின் திரையை அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது என்னது?"

"தேங்காய்."

"எப்படித் தெரியும்?"

"வட்டமா இருக்கு."

"அப்பளமும் வட்டமாத்தான் இருக்கும்."

அவன் எட்டிப் பார்த்தான். உண்மைதான். நார் ஒவ்வொன்றும் துலக்கமாகத் தெரிந்தது. உருண்டையைத்தான் காணோம். யாரோ தேங்காயைத் தட்டி விரித்துச் சுவரில் ஒட்டிவைத்த மாதிரி இருந்தது.

"மறுபடி வைங்க" என்றாள் வள்ளிமயில். "சாயங்காலம் சட்னிக்கு வேணும். அதுக்குள்ள உருட்டிக் காட்டுங்க."

கட்டர் மறுபடி வெட்டத் தொடங்கியது.

பரமக்குடியில் ஓர் உரக்கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது மயில் ஸ்டுடியோ. அது வள்ளிமயிலுடையது. வாடகைக்குப் பிடித்தது, பெயர்ப்பலகை மாட்டியது, கேமரா மாற்றியது எல்லாம் அவள். சேதுமாணிக்கம் அவளுடைய கணவன். மாடிப்படி ஏறிச் செருப்பைக் கழற்றிவிட்டால் அவள் குரு, அவன் சீடன். படியிறங்கிவிட்டால் அவள் 'என்னங்க' என்பாள், அவன் 'வள்ளி' என்பான். 'மாஸ்டர்' என்று முதலில் கிண்டலாகத்தான் கூப்பிட்டான். கிண்டல் எப்போது உதிர்ந்தது என்று இருவருக்கும் தெரியாது.

அவனும் வெளிச்சத்தோடு வேலை பார்த்தவன்தான். பதினாலு வருஷம் மஸ்கட் பக்கம், ராத்திரியில் ரோடு போடுகிற இடங்களில் டவர் லைட் நிறுத்துகிற வேலை. அங்கே ஒரே சட்டம், நிழல் விழக் கூடாது. ரோலர் போகிற இடத்தில் நிழல் கிடந்தால் அதற்குள் ஓர் ஆள் நிற்பது டிரைவருக்குத் தெரியாது. ஆகவே நாலு மூலைக்கும் நாலு டவர், முழு வெளிச்சம். விடியும்போது அணைத்துவிட்டுப் படுக்கப் போவான். பகல் என்பது திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் நடக்கிற ஏதோ ஒன்று.

ஊருக்கு வந்து எட்டு மாசம் ஆகிறது. கை இன்னும் அந்தச் சட்டத்தை மறக்கவில்லை. எங்கே கொஞ்சம் இருட்டு கிடந்தாலும் அங்கே ஒரு லைட்டைத் திருப்பிவிடும்.

போன வாரம் சத்துணவு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பஞ்சவர்ணம் அக்கா வந்திருந்தார். வீட்டுச் சுவரில் மாட்ட ஒரு படம். மாஸ்டர் வெளியே போயிருந்ததால் சீடனே எடுத்துக் கொடுத்தான். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. என் மூக்கு எங்க?"

"இருக்கேக்கா."

"மூக்குத்தி இருக்கு. மூக்கக் காணோம்."

வள்ளிமயில் வந்து, சிரிக்காமல், இரண்டு லைட்டை அணைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். மூக்கு வந்தது. அக்காவின் காலடி படியில் கீழே போய்ச் சேரும்வரை இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பிறகு கல்லாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

ஆனால் சிரித்து முடிந்ததும் சேதுமாணிக்கம் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான். ஞாயிற்றுக்கிழமை வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை இலக்கியாவுக்குப் பிறந்தநாள். மறுநாள் அவள் மதுரைக்குப் போகிறாள், காலேஜ் ஹாஸ்டல். பிறந்தநாள் தவறாமல் இந்த ஸ்டூலில் உட்காரவைத்து ஒரு படம் எடுப்பது அந்த வீட்டு வழக்கம். எடுப்பது எப்போதும் வள்ளிமயில்தான். இந்த வருஷம் சேதுமாணிக்கம் கேட்டான்.

"நான் எடுக்கட்டுமா?"

"எங்கிட்டக் கேட்டா? உக்கார்றவகிட்டக் கேளுங்க."

மகளிடம் கேட்டான். அவள் கொஞ்சம் யோசித்தாள். "எடுங்கப்பா" என்றாள். "ஆனா எனக்குப் பிடிக்கலைன்னா அம்மாதான் எடுக்கணும்."

அதில் கோபம் ஒன்றும் இல்லை. அதுதான் அவனுக்கு உறுத்தியது. அவளுக்கும் அவனுக்கும் நடுவில் சண்டை கிடையாது. சண்டை போடும் அளவுக்குக்கூடப் பழக்கம் இல்லை. மூன்று வயசில் விட்டுவிட்டுப் போன பிள்ளை. லீவில் வந்தால் ஒரு மாசம். அவள் கூச்சம் போவதற்குள் பெட்டி கட்டிவிடுவான். இப்போது முழுசாக வந்து சேர்ந்தாயிற்று. விட்டதை எல்லாம் சேர்த்துப் பிடித்துவிட வேண்டும் என்று அவன் ஒரு நிமிஷமும் சும்மா இருக்கவில்லை. டியூஷன் வாசலில் எல்லாருக்கும் முன்னால் போய் நின்றான். படிக்கும்போது டீ கொண்டுபோனான், பிஸ்கட் கொண்டுபோனான், மறுபடி டீ கொண்டுபோனான். சின்ன டேபிள் லைட்டில் கண் கெட்டுப்போகும் என்று அவள் அறையில் இரண்டு பெரிய எல்.இ.டி. பட்டையை மாட்டிக் கொடுத்தான். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டின்போது அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அப்பா, கொஞ்ச நேரம் சும்மா இருங்களேன்."

இருந்தான். அவள் அறைக் கதவின் கீழ் இடுக்கில் பழைய டேபிள் லைட்டின் மஞ்சள் மட்டும் தெரிந்தது. கதவுக்கு இந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சும்மா நின்றுவிட்டுப் போய்ப் படுத்தான்.

இந்தப் படம் சரியாக வந்துவிட்டால், மதுரைக்குப் போகும்போது அப்பா எடுத்தது என்று ஒன்று அவளோடு போகும். வராவிட்டால் எதுவும் போகாது. அவன் மனசில் கணக்கு அவ்வளவுதான்.

காலையில் ஸ்டுடியோத் தரையைத் துடைப்பது சீடனின் வேலை. அதை அவன் விரும்பிச் செய்வான். துணியை முறுக்கிப் பிழிந்து, மூலையிலிருந்து பின்பக்கமாக நகர்ந்து வருவான். ஸ்டூலைச் சுற்றித் தரையில் துண்டு துண்டாகப் பழைய டேப் ஒட்டியிருந்தது. சிவப்பு, நீலம், மஞ்சள். ஒயர் ஒட்டுகிற டேப். சிலது தேய்ந்து பசை மட்டும் கறுத்துப்போய்க் கிடந்தது. ஒருநாள் அவன் பிளேடை எடுத்து அதைச் சுரண்டத் தொடங்கினான். இரண்டை எடுத்துவிட்டான். மூன்றாவதில் கை வைத்தபோது வள்ளிமயில் படியேறி வந்தாள். வந்த வேகத்தில் குனிந்து பிளேடை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள்.

"அதச் சொரண்டாதீங்க."

"அழுக்கா இருக்கே மாஸ்டர். வர்றவங்க என்ன நெனைப்பாங்க?"

"என்னத்தையும் நெனைக்கட்டும். இருக்கட்டும்."

காரணம் சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. அன்றையிலிருந்து சுற்றித் துடைத்தான்.

இப்போது அந்த டேப்புகளுக்கு நடுவில் நின்று நாலு லைட்டையும் தேங்காயைப் பார்க்கத் திருப்பினான். அளவைக் கொஞ்சம் குறைத்தான். நாலிலும் குறைத்தான். அடித்தான். நாலும் ஒண்ணாகக் கத்தின.

முன்னறையிலிருந்து ஒரு பெருமூச்சு கேட்டது.

அவன் கேமராவை ஸ்டூலில் தேங்காய் பக்கத்தில் வைத்துவிட்டு முன்னறைக்குப் போனான். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"மாஸ்டர், ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"பேலன்ஸ் பேலன்ஸ்ங்கற. நாலும் சமமா இருந்தா அதுதான பேலன்ஸு? தராசுல அப்படித்தான பாக்குறோம்? ஒண்ணு கூட, ஒண்ணு குறையன்னு வச்சா அது எப்படி பேலன்ஸாகும்?"

வள்ளிமயில் கட்டரை ஓரமாக நகர்த்தினாள். கம்ப்யூட்டரை அவன் பக்கம் திருப்பி, ஒரு படத்தைத் திறந்தாள்.

அவனுடைய படம்தான். ஹெல்மெட், மஞ்சள் சட்டை, பின்னால் கறுப்பு வானம்.

"இது எப்ப எடுத்தது?"

"நம்ம பிள்ளைக்கு ஏழு வயசாகுறப்ப. டவர் லைட்டுக்கு அடியில நின்னேன். கூட இருந்த பெங்காலிப் பையன் எடுத்தான். பர்த்டே போட்டோல சேக்கணும், உடனே அனுப்புன்னியே."

வெளிச்சம் நேரே உச்சியிலிருந்து கொட்டியிருந்தது. கண் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு குழி. மூக்கின் நிழல் உதட்டைத் தாண்டி இறங்கியிருந்தது.

அடுத்ததைத் திறந்தாள். அது அவனுக்கு நன்றாகத் தெரிந்த படம். அவனுடைய மஸ்கட் அறைச் சுவரில் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருந்தது. ஸ்டூலில் இலக்கியா, பக்கத்தில் அவன். ஊரிலேயே இல்லாத அவனை வெட்டி எடுத்து, மகள் பக்கத்தில் நிற்கவைத்து அனுப்பியிருந்தாள் வள்ளிமயில். வெளிநாட்டில் இருக்கிறவர்களை இப்படிச் சேர்த்துக் கொடுப்பது ஊரில் எல்லா ஸ்டுடியோவும் செய்கிற வேலைதான். ஆனால் இவள் செய்ததில் ஒட்டு தெரியாது. அறையில் இருந்தவர்கள், 'எங்ககிட்டச் சொல்லாம வெள்ளிக்கிழம லீவுல ஊருக்குப் போயிட்டு வந்துட்டியாடா' என்று கேட்பார்கள். அவனுக்குப் பெருமையாக இருக்கும். எல்லாம் கம்ப்யூட்டர் செய்கிற வித்தை என்று நினைத்திருந்தான்.

இப்போது உற்றுப் பார்த்தான். ஏழு வயசு இலக்கியாவுக்கும் கண்ணில் இரண்டு குழி இருந்தது. அவள் மூக்கின் நிழலும் உதட்டைத் தாண்டி இறங்கியிருந்தது.

"பேய் மாதிரி இருக்கா பாவம்."

"அவளும் அதத்தான் சொன்னா. ரெண்டு நாளு எங்கிட்டப் பேசல."

"பிள்ளைக்கு யாராவது உச்சியில இருந்து லைட்டு வைப்பாங்களா?"

அவள் இன்னொரு படத்தைத் திறந்தாள். அவன் அறையில் நிற்கிறான். இடது பக்கச் சுவரில் டியூப் லைட். இடது கன்னம் வெளுத்து, வலது கன்னம் மங்கி. அடுத்து, பத்து வயசு இலக்கியா. இடது கன்னம் வெளுத்து, வலது கன்னம் மங்கி. இன்னொன்று. அவன் ஜன்னல் ஓரம் நிற்கிறான், வலது பக்கமிருந்து வெயில். பன்னிரண்டு வயசு இலக்கியா, வலது பக்கமிருந்து வெயில். அது வெயில் இல்லை. அவளை எடுத்த உள்ளறைக்கு ஜன்னலே கிடையாது.

சேதுமாணிக்கம் எழுந்து உள்ளறை வாசலில் போய் நின்று தரையைப் பார்த்தான்.

"அந்த நீல டேப்பு…"

"பத்து வயசு."

"செவப்பு?"

"பன்னெண்டு. ஜன்னல் பக்கம் நின்னு அனுப்புனீங்கள்ல, அது."

"நான் சொரண்டுனது?"

"எட்டும் ஒம்பதும்" என்றாள் வள்ளிமயில். குரலில் குறை ஒன்றும் இல்லை. "பரவால்ல. எடம் எனக்கு ஞாபகம் இருக்கு."

அவன் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டான்.

"அவளுக்கு நல்லபடியா லைட்டு வச்சு எடுத்திருக்கலாமே வள்ளி. என்னையப் பெறகு கம்ப்யூட்டர்ல சரி பண்ணியிருக்கலாம்ல?"

ஸ்டுடியோவுக்குள் அவன் 'வள்ளி' என்றதை அவள் கவனித்தாள். திருத்தவில்லை.

"மொத வருஷம் அப்படித்தான் பண்ணுனேன். வெட்டி ஒட்டுன மாதிரியே இருந்துச்சு. நீங்க ஒரு ஊர்ல நிக்கிறீங்க, அவ ஒரு ஊர்ல உக்காந்திருக்கா. பாத்தாலே தெரியும். உங்க மேல விழுந்த வெளிச்சம் அங்கயே விழுந்து முடிஞ்சது. அத இங்கேருந்து நான் எப்படி மாத்துறது? எங்கையில இருந்தது அவ மேல விழுற லைட்டு மட்டும்தான். அதத்தான் உங்களுக்கு வெளிச்சம் வந்த பக்கமா நகட்டுனேன்."

கீழே உரக்கடையில் யாரோ மூட்டையை இறக்கினார்கள். தரை லேசாக அதிர்ந்தது.

அவன் டேப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அப்ப ஞாயித்துக்கெழம நான் எதப் பாத்து வைக்கிறது?"

"ஞாயித்துக்கெழம சொல்றேன்" என்றபடி அவள் எழுந்து அவனைத் தாண்டி உள்ளே போனாள். "இப்பத் தேங்காய எடுத்துக்கிறேன். அது பயந்துபோய்க் கெடக்கு."

ஞாயிற்றுக்கிழமை இலக்கியா படியேறி வரும்போதே ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். பச்சைச் சுடிதார், ஒற்றைப் பின்னல். அப்பா ஸ்டூலைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஏற்கெனவே துடைத்த ஸ்டூல்.

"அப்பா, அது தேஞ்சுரும்."

"உக்காருத்தா."

உட்கார்ந்தாள். அறையைச் சுற்றிப் பார்த்தாள்.

"இன்னைக்கு உச்சியில இருந்து அடிக்க மாட்டீங்கள்ல? எனக்கு ஏழு வயசுல பேய் பிடிச்சது உங்களாலதான்."

"உங்கம்மாவாலத்தா."

"அம்மா என்ன செய்யும்? அதோ, அந்த ஆணியில உங்க போட்டோவ மாட்டி வச்சிக்கிரும். 'அப்பாவுக்கு இந்த வருஷம் வெளிச்சம் அங்கிட்டு இருந்து வருது, திரும்பி உக்காரு'ங்கும். நான் திரும்பி அங்கிட்டுப் பாத்துச் சிரிப்பேன். பாத்தா லைட்டு ஸ்டாண்டுதான் நிக்கும்."

அவள் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சேதுமாணிக்கம் துணியை மடித்தான். மடித்ததைப் பிரித்து மறுபடி மடித்தான்.

வள்ளிமயில் உள்ளே வந்தாள். பெரிய லைட்டை இழுத்து, குடையை மாட்டி, ஸ்டூலுக்கு இடது பக்கம், மகளின் நெற்றிக்குக் கொஞ்சம் மேலே நிறுத்தினாள். பார்க்கக்கூட இல்லை; கை தானாகச் செய்தது. பிறகு ஒதுங்கி நின்றாள்.

"இது என் லைட்டு. இவ்வளவு நாளும் அவ மேல விழுந்தது இதுதான். இத நீங்க அசைக்கக் கூடாது. மத்ததெல்லாம் உங்க இஷ்டம்."

"இதையும் கொஞ்சம்…"

"அசைக்கக் கூடாது."

அவன் அந்த ஒரு லைட்டை மட்டும் வைத்து ஒரு படம் எடுத்தான். திரையைப் பார்த்தான். இடது கன்னம், மூக்கின் வளைவு, உதட்டோரம் எல்லாம் அழகாக எழுந்து வந்திருந்தன. வலது பக்கம் காதுவரை இருட்டு. பின்னல் பின்னால் இருந்த கறுப்புத் திரையில் கரைந்து காணாமல் போயிருந்தது.

அந்த இருட்டைப் பார்த்ததும் அவன் கை தானாகவே அடுத்த லைட்டுக்குப் போனது. மகளின் வலது பக்கம், நேருக்கு நேராக அதைத் திருப்பினான். விரல் அளவைக் கூட்டுகிற குமிழில் போய் நின்றது.

அங்கேயே நின்றுவிட்டது.

நிமிர்ந்து மகளைப் பார்த்தான். முழுசாக ஒரு நிமிஷம் பார்த்திருப்பான். அவளுக்குக் கூச்சம் வந்து சுடிதார் ஓரத்தை இழுத்துவிட்டுக்கொண்டாள். இடது புருவத்தில் ஒரு சின்ன வடு இருந்தது. எப்போது விழுந்தாள் என்று அவனுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, சொல்லியிருந்தாலும் போனில் சொல்லியிருப்பார்கள்.

"இலக்கியா."

"ம்?"

"இங்கிட்டு இருட்டா இருக்கு. ஒனக்குப் பரவாயில்லையாத்தா?"

எட்டு மாசத்தில் யாரும் சொல்லாமல், அவனாகவே, ஒன்றைச் செய்வதற்கு முன்னால் அவளைக் கேட்டது அதுதான் முதல்முறை. அவள் தலையைச் சாய்த்து யோசித்தாள்.

"கொஞ்சம் இருக்கட்டும்பா. எல்லாத்தையும் காட்டணுமா என்ன?"

"அம்புட்டு இருட்டாவா?"

"அம்புட்டு வேணாம். கொஞ்சம்."

அவன் குமிழைக் குறைத்தான். அடித்துப் பார்த்தான். இன்னும் அதிகம். மறுபடி குறைத்தான். பிறகு ஏதோ தோன்றியவன்போல் லைட்டையே அவளைவிட்டுத் திருப்பி, வெள்ளைச் சுவரைப் பார்க்க வைத்தான். சுவரில் பட்டுத் திரும்பி வருகிற வெளிச்சம் மட்டும் அவளிடம் போகட்டும் என்று. ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு ஒரு அடி பின்னால் போனான். இன்னும் ஒரு அடி. முதுகு கிட்டத்தட்ட வாசல் திரைச்சீலையில் இடித்தது.

"எங்கப்பா போறீங்க? ராம்நாட்டுக்கா?"

"இருத்தா. வந்துட்டேன்."

மூன்றாவது லைட்டை அவளுக்குப் பின்னால் கீழே ஒளித்துவைத்தான். மிகச் சின்ன அளவு. பின்னல் இருட்டில் கரைந்துவிடாமல் ஓரத்தில் ஒரு கோடு காட்டினால் போதும். நான்காவதை எடுத்துக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தான். பிறகு பைக்குள் வைத்து ஜிப்பை மூடினான்.

வள்ளிமயில் இதற்குள் சுவரோரம் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். இவர்களுக்கு முதுகைக் காட்டியபடி.

"பாக்க மாட்டியா மாஸ்டர்?"

"அடிங்க. கேக்குறேன்."

சும்மா ஒருதரம் அடித்தான். அறை வெளுத்து மறைந்தது. கீ… என்று மூன்று இழுப்பும் சேர்ந்து கிளம்பின. பின்னலுக்குப் பின்னால் இருந்தது உடனே 'பீப்' என்றது. கொஞ்சம் பிந்தி, சுவரைப் பார்த்து நின்றது 'பீப்' என்றது. பெரியது மட்டும் தனியாக ஏறிப்போய், நிதானமாகக் கடைசியில் வந்து சேர்ந்தது.

வள்ளிமயில் திரும்பாமலேயே தலையசைத்தாள்.

"இப்ப எடுங்க."

எடுத்தான். ஒரே ஒரு படம்.

இலக்கியா இறங்கி வந்து கேமராவை வாங்கிக்கொண்டாள். திரைக்கு வெளிச்சம் படாமல் கையைக் குவித்துப் பார்த்தாள். நேரமாயிற்று. சேதுமாணிக்கம் அவள் முகத்தையே பார்த்தான். மஸ்கட்டில் டவர் லைட் முதல்தடவை எரியும்போது போர்மேன் முகத்தையும் அவன் இப்படித்தான் பார்ப்பான்.

"இது நான்தான்" என்றாள். அவள் சொன்ன விதத்தில், அதுவரை எடுத்த படங்களில் வேறு யாரோ இருந்த மாதிரி இருந்தது. பிறகு நிமிர்ந்து பார்த்தாள். "இதுல உங்க லைட்டு எது?"

"அந்தா, சுவத்தப் பாத்துத் திரும்பி நிக்குதுல்ல. அது."

"அது அடிச்சுதா?"

"அடிச்சுச்சே."

"தெரியவே இல்லையேப்பா."

அவன் முகம் வாடிவிட்டது. மறைக்கத் தெரியாத முகம். மகளுக்கு முன்னாலேயே மாஸ்டரைப் பார்த்துக் கேட்டான்.

"தெரியாத லைட்ட எதுக்கு மாஸ்டர் வைக்கிறது?"

வள்ளிமயில் நடந்துபோய், சுவரைப் பார்த்து நின்ற லைட்டை அணைத்தாள்.

"உக்காரு" என்றாள் மகளிடம். "இன்னொண்ணு எடுங்க" என்றாள் கணவனிடம்.

எடுத்தான். இரண்டு பீப் மட்டும் கேட்டது.

இலக்கியா மறுபடி இறங்கி வந்து, இரண்டு படத்தையும் மாற்றி மாற்றித் தள்ளிப் பார்த்தாள். இது, அது. அது, இது. அம்மா அப்பா இருவரும் இருபுறமும் நின்றார்கள்.

"மொதல்ல எடுத்ததே இருக்கட்டும்" என்றாள்.

"ஏன்த்தா? இதுவும் நல்லாத்தான இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு." அவள் இரண்டாவது படத்தை இன்னொருதரம் பார்த்தாள். "என்னன்னு சொல்லத் தெரியலப்பா. இதுல எனக்கு அங்கிட்டு யாருமே இல்லாத மாதிரி இருக்கு."

கேமராவை அவன் கையில் கொடுத்தாள். "மொத படத்துல ரெண்டு காப்பி போடுங்க. ஒண்ணு நான் ஹாஸ்டலுக்கு எடுத்துட்டுப் போறேன்." பெட்டியில் இன்னும் துணி அடுக்க வேண்டும் என்று படியிறங்கிப் போனாள். இரண்டு படி இறங்கியவள் திரும்பி வந்து எட்டிப் பார்த்தாள்.

"அப்பா, என்கூட மதுரைக்கு நீங்களே வாங்க. ஆனா ஹாஸ்டல் வாசல்ல நாள் பூரா நிக்கக் கூடாது."

"நிக்கல."

"ஹாஸ்டல்ல விட்டுட்டு, பஸ் ஸ்டாண்டுல டீ குடிச்சிட்டுக் கெளம்பிரணும்."

"சரித்தா."

போய்விட்டாள். முணுமுணுத்த பாட்டு படியோடு கீழே இறங்கித் தெருச் சத்தத்தில் கலந்தது.

சேதுமாணிக்கம் லைட்டுகளைக் கழற்றத் தொடங்கினான். பின்னலுக்குப் பின்னால் வைத்ததை எடுத்துப் பையில் போட்டான். ஒயரைச் சுற்றினான். சுவரைப் பார்த்து நின்ற ஸ்டாண்டின் திருகைத் தளர்த்தக் கை வைத்தான்.

"அத மடக்காதீங்க" என்றாள் வள்ளிமயில்.

"வேலதான் முடிஞ்சுதே மாஸ்டர்."

"முடியட்டும். அந்த எடம் சரியா இருக்கு."

அவள் மேசை டிராயரைத் திறந்து ஒரு பச்சை டேப்பை எடுத்தாள். பல்லால் கடித்துக் கிழித்து, முட்டி போட்டு உட்கார்ந்து, ஸ்டாண்டின் மூன்று கால் பக்கத்திலும் ஒவ்வொரு துண்டை ஒட்டினாள். கட்டைவிரலால் அழுத்தித் தேய்த்தாள். எழுந்து சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு முன்னறைக்குப் போனாள்.

அவன் அங்கேயே நின்றான்.

கொஞ்ச நேரத்தில் முன்னறையிலிருந்து 'க்றக், க்றக்' என்று கட்டர் வெட்டுகிற சத்தம் வரத் தொடங்கியது. காலையில் அவசரத்தில் தரையைத் துடைக்காமல் விட்டிருந்தான். வாளியில் தண்ணீர் பிடித்து வந்து, துணியை நனைத்து முறுக்கிப் பிழிந்தான். மூலையிலிருந்து தொடங்கிப் பின்பக்கமாக நகர்ந்து வந்தான். சிவப்பு, நீலம், மஞ்சள். பச்சையிடம் வந்ததும் துணியை மடித்து, சின்னதாக்கி, அதைச் சுற்றித் துடைத்தான்.